கடல் தாண்டி வந்த குட்டிப் பொம்மைகள்: மலை வீட்டுக்குச் சில குறிப்புகள்

கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் ஊர் கூக்காலில் மழைக்காலத்து மாலை நான்கு மணிக்கே ஏரியை மூட்டம் மூடிவிடும். பூண்டு மூட்டை ஏற்றிய வண்டி மேடேறிப் போனபிறகு ஊரில் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் நான் செய்கிற வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மைகளுக்கு முகம் துடைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் பொம்மை தற்செயலாக வந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள், 'சோனி ஏஞ்சல்' என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். டோக்கியோவில் ட்ரீம்ஸ் என்ற நிறுவனம் 2004-இல் இறக்கிய வகை. முதுகில் இத்தனூண்டு சிறகு, தலையில் ஒரு பழமோ விலங்கோ தொப்பியாக. உடம்பில் துணி கிடையாது. அத்தை பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்ல பிள்ளைய இப்படியா விடுவாங்க?" என்றார். அவரே பிறகு அதற்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பணமும் பொம்மையும் கெட்ட பிறகு கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. பெட்டியின் மேல் இருக்கிற விலையைப் பார்த்து மயங்காதீர்கள். சுங்கவரி பொம்மை விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த தொகைக்குப் போடுகிறார்கள். இறக்குமதிப் பொம்மைக்கு அடிப்படைச் சுங்கவரி முன்பு 20 சதவீதம். 2020 பட்ஜெட்டில் அது 60 ஆனது, 2023-இல் 70. அதற்கு மேல் ஜிஎஸ்டி. 2,000 ரூபாய் பொம்மைக்கு 1,000 ரூபாய் கூலி என்றால், மூவாயிரத்துக்கு 70 சதவீதம், அதாவது 2,100 ரூபாய் சுங்கத்துக்கே போய்விடும். சொந்த உபயோகத்துக்கு வந்த பொருள் என்று வேறு தலைப்பில் சேர்த்தால் கணக்கு மாறும். எந்தத் தலைப்பு என்பது பெட்டியைச் சோதிக்கும் அதிகாரியின் கையில். அதனால் என் வழக்கம் இது: பொம்மை விலையையும் கூலியையும் கூட்டி, அதே அளவு பணத்தை வரிக்கென்று தனி உறையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆர்டர் போடுவேன். மிச்சம் வந்தால் அது அடுத்த பொம்மைக்கு. உறையில் வைக்கப் பணமில்லை என்றால் அந்த மாதம் பொம்மையும் இல்லை.

முதல் தடவை இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தபால்காரத் தம்பி வாசலில் நின்று, "அக்கா, ஜப்பான்லருந்து பொம்மை வந்திருக்கு, ஆயிரத்துச் சொச்சம் கட்டணுமாம்" என்றபோது அரிசிப் பானைக்குள் இருந்த பணத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

2. "கிஃப்ட் என்று எழுதி அனுப்புங்கள், வரி வராது" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வருவதற்கு இருந்த பழைய சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது சுங்கச் சட்டப்படி குற்றம். உண்மையான பில்லின் நகல் ஒன்றைப் பெட்டியின் வெளியே உறையில் ஒட்டி அனுப்பும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் அதிகாரியே ஒரு விலை போட்டுக்கொள்வார். அது நம் விலையைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

3. கார்டு வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். 2020 முதல், புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடியே கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். பணம் போனதும் மறுபடி மூடிவிடுங்கள். நாணயம் மாற்றும் கட்டணம் என்று வங்கியும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். உறைக் கணக்கில் அதையும் சேருங்கள்.

4. தபாலில் வரும் பொருளின் டிராக்கிங் நம்பருக்கு உலகம் முழுக்க ஒரே இலக்கணம்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. மொத்தம் பதின்மூன்று. ஜப்பான் என்றால் கடைசியில் ஜே, பி. சீனா என்றால் சி, என். தொடக்கம் 'இ' என்றால் விரைவுத் தபால், 'சி' என்றால் பார்சல், 'ஆர்' என்றால் பதிவுத் தபால். 'யூ' என்று தொடங்கினால் அது வழியில் எங்கே படுத்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. விலை கூடிய பொம்மையை அப்படி அனுப்ப விடாதீர்கள். இந்த அமைப்பில் இல்லாத நம்பர் கொடுத்தால் அது தபால் இல்லை, ஏதோ கூரியர்.

எங்களைப்போல் கொடைக்கானலையும் தாண்டி 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குத் தபாலா கூரியரா என்பது முக்கியம். ஒருமுறை கூரியரில் வந்த பெட்டி வத்தலக்குண்டைத் தாண்டவே இல்லை. 'முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தபால்தான். முகவரியில் 'வழி: கொடைக்கானல், திண்டுக்கல் மாவட்டம்' என்பதையும் பின்கோடையும் செல் நம்பரையும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து பாதை அடைபடும். அந்த மாதங்களில் வந்து சேரும்படி ஆர்டர் போடாமல் இருப்பது நல்லது.

5. கூலி எடைக்கு மட்டும் இல்லை, இடத்துக்கும். விமானக் கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 30, 20, 15 அளவுள்ள பெட்டி உள்ளே பஞ்சே இருந்தாலும் 1.8 கிலோ ஆகிவிடும். சின்னப் பெட்டியில் நெருக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் நெருக்குவதற்காகப் பொம்மையின் அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட வேண்டாம். பின்னால் விற்க நினைத்தால் பெட்டியோடு இருப்பதற்குத்தான் விலை.

6. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பிளைண்ட் பாக்ஸ் பெட்டிகளில் பாதிச் சுகம் ஆவலில்தான். ஆனால் கணக்கையும் பாருங்கள். ஒரு வரிசையில் 12 பொம்மை, எல்லாம் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கினால், பன்னிரண்டும் கையில் சேரச் சராசரியாக 37 பெட்டி உடைக்க வேண்டும். 'சீக்ரெட்' என்று ஒன்று ஒளித்து வைத்திருப்பார்களே, அது இந்தக் கணக்கிலேயே இல்லை. முழு வரிசையையும் சீல் உடைக்காத ஒரே அட்டைப்பெட்டியாக வாங்கினால் பெரும்பாலும் ஒன்றுபோல் இன்னொன்று வராது. வரிசையில் இரண்டுதான் பிடித்திருக்கிறது என்றால், பிரித்துப் பார்த்த பொம்மையைப் பெயர் சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்குங்கள். அதுதான் மலிவு.

7. போலி: லபூபூ விஷயத்தில் இது தலைவலி. ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லுங் 2015-இல் தன் படக்கதைகளுக்காக வரைந்த குட்டி அரக்கி அவள். 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் பொம்மையாக விற்கிறது. உடம்பு ரோமத் துணி, முகம் வினைல். மேலுதட்டுக்குக் கீழே பல் ஒன்பதா என்று எண்ணுங்கள். கூடினாலும் குறைந்தாலும் போலி. போலி செய்கிறவனுக்கும் எண்ணத் தெரியும் என்பதால், பெட்டியில் இருக்கும் கியூஆர் குறியைச் சுரண்டி நிறுவனத்தின் பக்கத்தில் சரிபாருங்கள். குப்பென்று மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம், முகத்தில் அச்சு இணைந்த கோடு, இழுத்தால் கழன்று வரும் கை கால் இவையும் அடையாளம். கழன்ற துண்டு குழந்தையின் தொண்டையில் அடைக்கும் என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது.

8. பெட்டி வந்ததும் சீல் தெரியும்படி வைத்து, பிரிப்பதைச் செல்லில் வீடியோ எடுங்கள். உடைந்து வந்தால் அதுதான் சாட்சி. பிரித்த கையோடு அலமாரியில் வைத்துவிடக் கூடாது. கீழே சமவெளியின் புழுக்கத்தில் கட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் ஈரக்காற்று இருக்கும். இங்கே குளிருக்கு வந்ததும் அது உள்பக்கம் வியர்க்கும். உறையைக் கழற்றி, ஒரு ராத்திரி வெள்ளைத் துணிமேல் காற்றாட விடுங்கள்.

9. இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிது. வினைல் என்பது பிவிசி. அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலந்திருப்பார்கள். அந்த எண்ணெய் உள்ளேயே நிற்காது, மெல்ல மெல்ல வெளியே கசியும். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதற்குள் போகும். தெர்மாகோல் அந்த எண்ணெய்க்குக் கரையும் பொருள். இது தெரியாமல் ஒரு நவராத்திரிக்குத் தெர்மாகோலில் படி கட்டி, கீழ்ப்படியில் என் பொம்மைகளை வரிசையாக நிறுத்தினேன். பத்தாம் நாள் எடுத்தால் பாதம் வரவில்லை. படியில் பாதத்தின் அளவுக்குப் பள்ளம், பாதத்தில் வெள்ளையாக ஒட்டிய பிசின். கத்தியால் சுரண்டியதில் ஒரு பொம்மைக்குக் கால்விரல் போய்விட்டது.

ஆகவே தெர்மாகோல், வார்னிஷ் அடித்த மரம், ரெக்சின், ரப்பர் விரிப்பு, இன்னொரு பிளாஸ்டிக் பொம்மையின் உடம்பு ஆகியவற்றின் மேல் வினைல் நேரடியாகப் படக் கூடாது. நடுவில் வெள்ளைப் பருத்தித் துணி, அல்லது அலுமினியத் தாள். எடுத்து வைக்கும் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் எண் பாருங்கள்: 2, 5 நல்லது, 3, 6 வேண்டாம். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை இறங்கும். இறங்கிய மை துடைத்தால் போகாது. அந்த எண்ணெய் வழியாகவே உள்ளே போய்விடும்.

10. பூச்சி வரும் என்று அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிப் பெயிண்டைப் பிசுபிசுக்க வைக்கும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிற யூகலிப்டஸ் தைலத்துக்கும் அதே குணம். விலை ஸ்டிக்கர் பசையை அது நொடியில் எடுக்கும் என்பது உண்மைதான். அட்டைப்பெட்டியில் வேண்டுமானால் பஞ்சில் தொட்டு எடுங்கள், பொம்மை முகத்தில் தொடவே வேண்டாம். கண் போய்விடும். நகப்பூச்சு நீக்கும் திரவம் இன்னும் மோசம், வினைலையே தின்னும். பசைக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, பத்து நிமிஷம் கழித்துச் சோப்புத் தண்ணீர், அவ்வளவு போதும்.

11. ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறத்தில் கிடைப்பதை வாங்குங்கள். நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது. ஈரம் குடித்து நிறம் மாறியதும் மணிகளை மட்டும் கொட்டி, சமைக்காத பழைய இரும்புச் சட்டியில் இளந்தீயில் பிரட்டினால் பழைய நிறம் திரும்பும். மறுபடி போட்டு வைக்கலாம்.

12. ஈரத்துக்குப் பயந்து காற்றுப் புகாமல் மூடினால் வேறு தொல்லை வரும். கசிந்த எண்ணெய் ஆவியாகப் போக வழியில்லாமல் பொம்மையின் மேலேயே படியும். தொட்டால் கை ஒட்டும். மலை வீட்டில் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். என் கண்ணாடி அலமாரியின் கதவு முழுதாக மூடாது. தச்சரிடம் சொல்லி ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன், உள்ளே சிலிக்கா. வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து போடுவேன். ஏற்கெனவே ஒட்ட ஆரம்பித்த பொம்மையை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவி, உலர்ந்ததும் சோளமாவைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். சில மாதத்தில் மறுபடி ஒட்டும், மறுபடி கழுவ வேண்டியதுதான். கழுவும்போது கழுத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், தலையைக் கழற்றிக் கவிழ்த்து இரண்டு நாள் வையுங்கள். உள்ளே பூத்த பூஞ்சையை வெளியே இருந்து எடுக்க முடியாது.

13. வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறக்கச் சொன்னேன். பொம்மையை வெயிலில் வைக்கச் சொல்லவில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொடைக்கானலின் உயரம் 2,100 மீட்டர். சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-இல் ஆய்வகம் வைத்த மலை இது. குளிராக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஜன்னலோரத்தில் ஒரு கோடை இருந்தால் வெள்ளை முகம் மஞ்சளாகும், சிவப்புத் தொப்பி ரோஜா நிறமாகும்.

14. வழியில் நசுங்கிக் கோணலாக வந்த காது, வால், கை ஆகியவற்றை நிமிர்த்தச் சுடுதண்ணீர் போதும். இந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாததற்குக் காரணமும் அதுதான். ஆனாலும் கொதியில் போடாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிஷம் ஆறிய தண்ணீரில் அந்த உறுப்பை மட்டும் ஒரு நிமிஷம் அமிழ்த்தி, விரலால் நேராக்கிப் பிடித்துக்கொண்டு குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மார்கழிக் குழாய்த் தண்ணீருக்கு ஐஸே வேண்டாம். அதே மார்கழியில் உறைபனி விழுந்த காலையில் பொம்மையின் கையைத் திருகாதீர்கள், குளிரில் வினைல் விறைத்திருக்கும், மூட்டு கீறும்.

15. துணி தைத்துப் போடுகிறவர்கள் அடர் சிவப்பு, கறுப்பு, கருநீலத்தைத் தவிர்க்கவும். சாயம் வினைலுக்குள் இறங்கும். அந்த நிறம்தான் வேண்டும் என்றால் தண்ணீரில் நிறம் விடுவது நிற்கும்வரை அலசி, உள்ளே வெள்ளைத் துணி உள்பாவாடை மாதிரி வைத்துத் தையுங்கள்.

16. பேனாக் கிறுக்கல், சாயக் கறை இவற்றுக்கு மருந்துக்கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு. கறையின் மேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, சில மணிநேரம் வெயிலில் வைத்துக் கழுவுங்கள். நாலைந்து நாள் செய்ய வேண்டிவரும். பெயிண்ட் அடித்த இடத்தில் பட்டால் அதையும் வெளுத்துவிடும், ஜாக்கிரதை. வெயில் கூடாது என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

17. விறகடுப்பு இருக்கும் அறையிலும், பூண்டுக்குப் புகைபோடும் பரணுக்குக் கீழேயும் வைக்க வேண்டாம். கரியும் எண்ணெயும் சேர்ந்தால் அது கழுவினாலும் போகாது. ஜன்னலுக்குக் கம்பி வலை அவசியம். ஒரு லபூபூ எங்கள் வீட்டு ஓட்டின் மேல் குரங்கு மடியில் அரைமணி நேரம் இருந்தது. காது கடிபட்டுத் திரும்பி வந்தது.

18. பாட்டி காலத்துக் கொலுப் பெட்டியில் தக்கைபோல் லேசாக, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் பொம்மை இருந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். முதுகில் 'ஆக்குப்பைட் ஜப்பான்' என்று இருந்தால் 1952-க்கு முந்தையது. அதை வினைல் பொம்மைகளோடு வைக்காதீர்கள். பழசாகும்போது அமில ஆவி விடும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். விளக்குப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தீப்பட்டால் பஞ்சுபோல் பிடித்துக்கொள்ளும்.

19. கொலுவில் இந்தக் குட்டிகளுக்கு இடம் பார்க்கில்தான். படியில் ஏற்றினால் மரப்பாச்சிக்கும் விளாச்சேரி மண்பொம்மைக்கும் நடுவில் காணாமல் போய்விடும். பெட்டியில் 15+ என்று போட்டிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. சின்ன உறுப்புகள் உண்டு. இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நாம் வரவழைப்பதில் அது இருக்காது. கொலு பார்க்க வரும் பிள்ளை அழுதால் கையில் கொடுக்க ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டியை வாசல் பக்கம் வைத்திருங்கள்.

20. ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், வரிசை, வந்த நாள், விலை, கூலி, வரி, தபால் நம்பர். டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் நிறுவிய பொம்மை அருங்காட்சியகம் ஒரு ஹங்கேரியப் பொம்மையில் ஆரம்பித்ததாம். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்பது நினைவில் நின்றதால்தான் இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். என் நோட்டில் இப்போது 63 பொம்மை. போன வாரம் வரிப் பத்தியை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். அத்தை தொகை எவ்வளவு என்று கேட்டார். பார்க்கில் வைக்க அடுத்த பொம்மைக்கு எந்த நிறத்தில் தொப்பி வேண்டும் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.